பக்கத்தில் இருப்பது எது?

ஓசூரில் ‘ஒயின் ஷாப்’ எங்கே என்று கேட்டால் வழி சொல்லாதவர் இல்லை. அங்கே ஒயின் கேட்பவர்தான் அரிது. பிராந்தியும் பீரும் விற்கும் கடைக்கு நாம் ஒயினின் பெயரை இட்டிருக்கிறோம்; குடிக்கும்போது கொறிப்பதை ‘சைடு டிஷ்’ என்கிறோம். மயக்கம் நடுவிலும் உணவு ஓரத்திலும் இருக்கும் ஒரு வழக்கத்தை இவ்விரு சொற்களும் காட்டிக்கொடுக்கின்றன.

இதற்கு நேர்மாறான ஏற்பாட்டை ஜப்பானின் வெள்ளை ஒயினில் காணலாம். யமனாஷி மாகாணத்தில் விளையும் கோஷு என்னும் இளஞ்சிவப்புத் தோல் திராட்சையிலிருந்து அது எடுக்கப்படுகிறது. 1877இல் அம்மாகாணத்து இளைஞர் இருவர் பிரான்சுக்குச் சென்று ஒயின் தொழிலைக் கற்றுவந்தனர். எனினும் நெடுங்காலம் கோஷு, தின்னும் பழமாகவும் மலிவான இனிப்பு ஒயினாகவுமே அறியப்பட்டது. பிற்காலத்தில்தான், நொதித்த ஒயினை அடியில் படிந்த ஈஸ்ட் வண்டலோடு சில மாதங்கள் வைத்திருக்கும் பிரெஞ்சு முறையைக் கையாண்டு, இனிப்பற்ற, மெல்லிய, எலுமிச்சை இன மணம் கொண்ட பானமாக அதை மாற்றினர். 2010இல் பன்னாட்டுத் திராட்சை, ஒயின் அமைப்பின் பட்டியலில் கோஷு இடம்பெற்றது.

அந்த மென்மைக்குக் காரணம் உண்டு. பச்சை மீன், உப்பிட்டுச் சுட்ட மீன், மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புரா ஆகியவற்றின் சுவையை அது மறைப்பதில்லை. மீனோடு ஒயின் அருந்தும்போது எழும் கவுச்சிக்கு ஒயினிலுள்ள இரும்புச் சத்தே காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். சிவப்பு ஒயினைவிட வெள்ளை ஒயினில் பொதுவாக இரும்பு குறைவு. உணவை முன்வைத்தே பானத்தை எண்ணும் மனம் இத்தகைய கேள்விகளைக் கேட்கிறது.

இம்மனம் நமக்கு அந்நியமானதன்று. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைக் காட்டும் உருத்திரங்கண்ணனார், அரிசிக் களியை ஆற்றி, முளை மா கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்த கள்ளைச் சொல்கிறார். உடனே அதனோடு பெறும் சுட்ட மீனையும் சொல்கிறார். நடந்து களைத்த பாணனுக்கு இரண்டும் சேர்ந்தே விருந்து.

வகுப்பறையில் இவ்வடிகளை விரைந்து கடந்துவிடுவது நம் வழக்கம். குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு, சிப்காட் பகுதியில் குடியால் குலையும் குடும்பங்களை அன்றாடம் காண்பவர்களுக்கு, அக்கூச்சம் இயல்பே. ஒயின் குடியுங்கள் என்பதும் என் வாதமன்று. ஆனால் மயக்கத்துக்கு அஞ்சிச் சுவையறிவையும் சேர்த்தே புதைத்துவிட்டோம். குடி நின்றுவிடவில்லை, உணவிலிருந்து பிரிந்து, வெறும் வயிற்றில் விரைந்து விழுங்கப்படும் பொருளாயிற்று.

நம்மிடம் கிருஷ்ணகிரி அணை மீன் வறுவல் உண்டு. களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் உண்டு. எல்லைக்கு அப்பால் கோலாரில் பெங்களூர் புளூ திராட்சை விளைந்து, சாறாகவும் மலிவான இனிப்பு ஒயினாகவும் போகிறது. ஒருகாலத்தில் கோஷு நின்ற இடமும் அதுவே. கோஷுவை இங்கே கொண்டுவந்தால் மிளகாயின் முன் அது தோற்றுவிடும் என்றே எண்ணுகிறேன். ஜப்பானியரிடம் நாம் பெறவேண்டியது புட்டியை அன்று. இலையில் இருப்பதை முதலில் எண்ணிப்பார்க்கும் பழக்கத்தை. பெரும்பாணாற்றுப்படையின் அந்தச் சில அடிகளை நிதானமாகப் பாடம் சொல்வதிலிருந்தே அதைத் தொடங்கலாம்.