உலகின் அடுத்த இலக்குகளை எழுதப்போவது யார்?

ஐக்கிய நாடுகள் சபையின் 193 உறுப்பு நாடுகளும் 2015ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆம் நாள் ஒருமித்து ஏற்றுக்கொண்ட நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் 17 ஆகும். அவற்றின் கீழ் 169 உப இலக்குகள் வகுக்கப்பட்டன. வறுமை, பசி, கல்வி, சுகாதாரம் தொடங்கி காலநிலை, நீதி வரை விரியும் இவற்றை 2030ஆம் ஆண்டுக்குள் எட்டுவதென உலக நாடுகள் உறுதி பூண்டன. அந்த உறுதிமொழியின் நிலை மகிழ்ச்சியளிப்பதாக இல்லை. மதிப்பிடக்கூடிய உப இலக்குகளுள் 17 விழுக்காடு மட்டுமே உரிய வேகத்தில் முன்னேறுவதாக 2024ஆம் ஆண்டின் ஐ.நா. அறிக்கை தெரிவித்தது. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இந்த இலக்குகளைத் தாம் நிராகரிப்பதாக அமெரிக்கா பொதுச்சபையிலேயே அறிவித்தது.

இலக்குகள் முழுமையாக நிறைவேறாத நிலையிலும், அவற்றுக்குப் பின் வரப்போவது என்ன என்ற ஆலோசனைக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது. 2024 செப்டெம்பரில் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட எதிர்காலத்துக்கான உடன்படிக்கை, 2027 செப்டெம்பரில் கூடும் உயர்மட்ட அரசியல் மன்றம் 2030க்கு அப்பாலான அபிவிருத்திப் பாதையையும் ஆராய வேண்டும் எனக் கேட்டுள்ளது. அடுத்த தலைமுறையின் உலகளாவிய இலக்குகளை யார் எழுதுவர், யாருடைய துயரம் அவற்றில் இடம்பெறும் என்பது இனிவரும் சில ஆண்டுகளில் முடிவாகும். புலம்பெயர் தமிழ்ச் சமூகம் இதை இராசதந்திரிகளின் அலுவல் எனக் கருதி ஒதுங்கி நிற்குமாயின், அதன் விலையைக் கொடுப்போர் தாயகத்திலும் மலையகத்திலும் தமிழகத்திலும் வாழும் எளிய மக்களே ஆவர்.

இலக்குகளை எழுதும் அவையில் அமர்ந்திருப்போர் மாறினால் இலக்குகளும் மாறும் என்பதற்குக் கடந்த கால வரலாறே சான்று. 2000ஆம் ஆண்டின் மிலேனியம் பிரகடனத்தைத் தொடர்ந்து வந்த 8 மிலேனியம் அபிவிருத்தி இலக்குகள், ஐ.நா. செயலகம், உலக வங்கி, சர்வதேச நாணய நிதியம் முதலியவற்றின் நிபுணர்கள் சிலரால் தொகுக்கப்பட்டவை. அவற்றால் விளைந்த நன்மைகள் பல. எனினும் மக்களிடம் கேட்டு எழுதப்படாத ஆவணத்துக்குரிய குறைகள் அவற்றில் இருந்தன. மாற்றுத்திறனாளிகள் பற்றி அந்த 8 இலக்குகளிலும் ஒரு சொல் கூட இருக்கவில்லை. போர், நீதி, சட்டத்தின் ஆட்சி ஆகியவற்றுக்கும் அவற்றில் இடமில்லை. பயனரைக் கேளாமல் வடிவமைக்கப்பட்ட மென்பொருள் எத்துணைத் திறமையாக எழுதப்பட்டிருந்தாலும் பயனருக்கு உதவாமற்போவது போன்றதே இதுவும்.

இரண்டாம் முறை அணுகுமுறை மாறியது. 1992ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் நடைபெற்ற புவி உச்சி மாநாடு, பெண்கள், சிறுவரும் இளையோரும், பழங்குடி மக்கள், அரச சார்பற்ற அமைப்புகள், உள்ளூராட்சி மன்றங்கள், தொழிலாளர், வணிகத்துறை, அறிவியல் தொழில்நுட்பத் துறையினர், விவசாயிகள் என 9 பெருங்குழுக்களை ஏற்கனவே அங்கீகரித்திருந்தது. 2012இல் அதே நகரில் கூடிய மாநாட்டின் முடிவின்படி அமைந்த திறந்த செயற்குழு, 2013 மார்ச் முதல் 2014 ஜூலை வரை 13 அமர்வுகளை நடத்தியது. இந்தப் பெருங்குழுக்களின் பிரதிநிதிகள் அங்கு கருத்துரைக்க வாய்ப்புப் பெற்றனர். 'என் உலகம்' என்ற பெயரில் ஐ.நா. நடத்திய கருத்துக் கணிப்பில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாக்களித்தனர். அவர்கள் முதலிடம் அளித்தது நல்ல கல்விக்கு.

இதன் பயன் கண்கூடானது. மாற்றுத்திறனாளிகள் புதிய இலக்குகளின் பல இடங்களில் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கப்பட்டனர். அமைதி, நீதி, வலுவான நிறுவனங்கள் ஆகியவற்றுக்கான 16ஆவது இலக்கைத் தனியாக அமைப்பதற்குப் பல அரசுகள் தயக்கமும் எதிர்ப்பும் காட்டின. போரினால் நலிந்த நாடுகளின் கூட்டமைப்பும் சிவில் சமூக அமைப்புகளும் விடாது வலியுறுத்தியமையால் அது நிலைபெற்றது.

ஆயினும் அந்த இலக்கின் கீழுள்ள அளவுகோலைத் தமிழர் உற்றுநோக்க வேண்டியுள்ளது. வலிந்து காணாமலாக்கப்படுதல் அதில் கணக்கெடுக்கப்படுகிறது. ஆனால் ஊடகவியலாளர், தொழிற்சங்கத்தினர், மனித உரிமைப் பணியாளர் ஆகியோர் தொடர்பான சம்பவங்களுக்கு மட்டுமே அக்கணக்கு பொருந்தும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் அமர்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் தேடும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் அந்த அளவுகோலுக்குள் அடங்கமாட்டார்கள். அளவுகோல் வகுக்கப்பட்ட வேளையில் அத்தாய்மாரின் குரல் அங்கு ஒலித்திருக்குமானால், சொற்கள் வேறாக அமைந்திருக்கக் கூடும்.

அளவுகோல் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் கணக்கெடுப்பின் நுணுக்கம். இலங்கையின் 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியோர் நாடளாவிய நிலையில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர். பெருந்தோட்டப் பகுதிகளில் மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31 விழுக்காட்டையும் தாண்டுகிறது. நாட்டின் சராசரியை மட்டும் பார்க்கும் அயல்நாட்டு அதிகாரிக்கு இலங்கை ஓரளவு தேறிய நாடாகவே தோன்றும். லயன் அறைகளில் வளரும் மூன்றில் ஒரு குழந்தையின் உடற்குறை அந்தச் சராசரிக்குள் மறைந்துவிடும். எவரையும் பின்தள்ளிவிடாது முன்னேறுவோம் என்பதே 2015ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் அடிநாதம். தோட்டம், மாவட்டம், இனம், பால் எனப் பிரித்துக் காட்டாத புள்ளிவிவரம் அந்த வாக்குறுதியைப் பொய்யாக்கும்.

இவ்விடத்தில்தான் வணிகத்துறை பற்றிய கேள்வியும் எழுகிறது. புதிய இலக்குகள் குறித்து ஆலோசனை கூற 2012ஆம் ஆண்டில் பான் கீ மூன் நியமித்த 27 பேர் கொண்ட உயர்மட்டக் குழுவில், யூனிலிவர் நிறுவனத்தின் அன்றைய தலைமை அதிகாரி போல் போல்மன் ஓர் உறுப்பினர். உலகில் மிகுதியாகத் தேயிலை விற்கும் நிறுவனங்களுள் ஒன்றாக யூனிலிவர் அன்று விளங்கியது. அவர் சூழலியல் அக்கறை கொண்டவராக அறியப்பட்டவர். அவரை அழைத்ததில் தவறேதும் இல்லை. வேலைவாய்ப்பு, முதலீடு, தொழில்நுட்பம் ஆகியவற்றின் பெரும்பகுதி தனியார் கைகளில் இருக்கையில், அவர்களை வெளியே நிறுத்திவிட்டு வறுமையை ஒழிக்க முடியாது. ஆனால் தேயிலையை விற்போர் அமர்ந்த அந்தக் குழுவில் தேயிலைக் கொழுந்து பறிப்போர் சார்பில் ஒருவரும் இல்லை. பங்கேற்பு என்பது ஒரு தரப்புக்கு அழைப்பிதழாகவும் மறு தரப்புக்குப் பார்வையாளர் அனுமதிச் சீட்டாகவும் இருத்தல் ஆகாது.

வணிகத்துறை தொடர்பான உப இலக்குகளின் மொழியும் மென்மையானதே. பெரிய நிறுவனங்கள் நிலைபேறான நடைமுறைகளைக் கைக்கொள்ளவும் அவற்றைத் தமது அறிக்கைகளில் வெளியிடவும் ஊக்குவிக்குமாறு 12ஆவது இலக்கு அரசுகளைக் கேட்கிறது. ஊக்குவித்தல் என்பதற்கு மேல் அதில் எக்கடப்பாடும் இல்லை. புலம்பெயர் குடும்பங்கள் ஒவ்வொன்றையும் தொடும் இன்னொரு சான்றும் உண்டு. வெளிநாட்டிலிருந்து தாயகத்துக்கு அனுப்பும் பணத்துக்கான கட்டணம் 2030க்குள் 3 விழுக்காட்டுக்கும் குறைவாக வேண்டும் என 10ஆவது இலக்கு கூறுகிறது. 2024ஆம் ஆண்டிலும் அதன் உலகச் சராசரி 6 விழுக்காட்டுக்கு மேலேயே இருந்தது. ஊரிலுள்ள தாய்க்கு 200 டொலர் அனுப்பும் மகன் அந்தச் சராசரியின்படி 12 டொலருக்கு மேல் இழக்கிறான். கடப்பாடு இல்லாத இலக்கின் இயல்பு இதுவே.

கடப்பாட்டை எவ்வாறு உருவாக்கலாம் என்பதற்குத் தமிழகத்திலேயே வழிகாட்டு நிகழ்வு ஒன்று உண்டு. ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த இளம் தலித் பெண் 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொல்லப்பட்டதை அடுத்து, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கமொன்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்புகளின் துணையோடு பேச்சுவார்த்தையில் இறங்கியது. 2022 ஏப்ரலில் உருவான திண்டுக்கல் உடன்படிக்கையில் தொழிற்சாலை நிர்வாகமும், அதனிடம் ஆடை வாங்கிய எச் அண்ட் எம் நிறுவனமும் கையெழுத்திட்டன. வேறு சில உலக நிறுவனங்களும் பின்னர் இணைந்தன. பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தவறும் தொழிற்சாலை வணிக இழப்பைச் சந்திக்க நேரும் என்பதே அதன் வலிமை. சிவில் சமூகமும் வணிகத்துறையும் ஒரே மேசையில் சமமாக அமர்ந்து, மீறினால் விளைவு உண்டு என்ற நிபந்தனையோடு கையெழுத்திடும் இம்முறையே அடுத்த உலக இலக்குகளுக்கு முன்மாதிரியாக வேண்டும்.

மேசைக்குச் செல்லும் பாதை இலகுவானதன்று. ஐ.நா. சாசனத்தின் 71ஆவது பிரிவு, அரச சார்பற்ற அமைப்புகளோடு கலந்தாலோசிக்கப் பொருளாதார, சமூக சபைக்கு இடமளிக்கிறது. எனினும் அதற்கான அங்கீகாரத்தைப் பரிந்துரைக்கும் 19 நாடுகள் கொண்ட குழுவில், ஒரு நாடு தொடர்ந்து வினா எழுப்பினாலே விண்ணப்பம் தள்ளிப்போகும். சர்வதேசத் தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பின் விண்ணப்பம் சுமார் 15 ஆண்டுகள் அவ்வாறு இழுத்தடிக்கப்பட்டது. 2022 டிசெம்பரில் பொருளாதார, சமூக சபை வாக்கெடுப்பு நடத்திய பின்னரே அதற்கு அங்கீகாரம் கிட்டியது. அந்த 15 ஆண்டுகளுக்குள்தான் 17 இலக்குகளும் எழுதி முடிக்கப்பட்டன. 2027ஐ நெருங்கிய பின் விண்ணப்பம் எழுதத் தொடங்குவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆகவே புலம்பெயர் அமைப்புகள் இப்போதே செய்யத்தக்கவை சில உள்ளன. முதலாவது, ஏற்கனவே அங்கீகாரம் பெற்ற அமைப்புகளோடும் பெருங்குழுக்களோடும் இணைந்து பணியாற்றுதல். தனித்த தமிழ்ப் பெயர்ப்பலகைக்காகக் காத்திருப்பதைவிட, தொழிலாளர் குழுவில் தோட்டத் தொழிலாளரின் கோரிக்கையையும் பெண்கள் குழுவில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரது கோரிக்கையையும் இடம்பெறச் செய்வது விரைந்து பயன்தரும். கோரிக்கையைத் தாமே எழுதாது, பாதிக்கப்பட்டோரின் சொற்களிலேயே கொண்டுசெல்லும் பணிவும் தேவை.

இரண்டாவது, உணர்ச்சியோடு தரவையும் சேர்த்தல். 2018இல் இலங்கை அரசு தனது முதலாவது தன்னார்வத் தேசிய மீளாய்வை நியூயோர்க்கில் சமர்ப்பித்தபோது, அந்நாட்டின் சிவில் அமைப்புகள் மக்கள் மீளாய்வு ஒன்றைத் தனியாக வெளியிட்டன. இத்தகைய முயற்சிகளுக்கு மாவட்டவாரியான தரவுகளைத் தொகுத்தல், வரைபடமாக்கல், மொழிபெயர்த்தல் ஆகிய உதவிகளைத் தகவல் தொழில்நுட்பம் பயின்ற தமிழர் தாம் வாழும் நகரிலிருந்தே வழங்கலாம்.

மூன்றாவது, வாழும் நாட்டின் சட்டத்தைப் பயன்படுத்துதல். நோர்வேயில் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி, தமது விநியோகச் சங்கிலியில் மனித உரிமைகள் எவ்வாறு பேணப்படுகின்றன என்று பெரிய நிறுவனங்களிடம் எவரும் எழுத்தில் கேட்கலாம். பொதுவாக மூன்று வாரங்களுக்குள் பதிலளிக்க நிறுவனம் கடமைப்பட்டுள்ளது. கனடாவில் 2024 சனவரி முதல் நடைமுறையிலுள்ள சட்டம், கட்டாய உழைப்பும் சிறுவர் உழைப்பும் தமது விநியோகச் சங்கிலியில் நுழையாதிருக்க எடுத்த நடவடிக்கைகளை ஆண்டுதோறும் அறிக்கையிடப் பெரிய நிறுவனங்களைப் பணிக்கிறது. ஒஸ்லோவில் பயிலும் தமிழ் மாணவி, தன் வீட்டுத் தேநீரின் கொழுந்து எத்தோட்டத்திலிருந்து வருகிறது, அங்கு என்ன கூலி கொடுக்கப்படுகிறது என்று கேட்டு எழுதும் கடிதத்துக்கு இன்று சட்ட வலு உண்டு.

பெற்றோரின் பங்கு இங்குதான் முதன்மை பெறுகிறது. பிள்ளைகளை மருத்துவராகவும் பொறியியலாளராகவும் ஆக்குவதில் புலம்பெயர் குடும்பங்கள் காட்டிய ஊக்கம் உலகறிந்தது. பன்னாட்டுச் சட்டம், புள்ளியியல், பொதுக்கொள்கை ஆகியவற்றைக் கற்க விரும்பும் பிள்ளையை, வேலை கிடைக்காது என அஞ்சித் தடுக்கும் போக்கும் பல இல்லங்களில் உள்ளது. நோர்வே, நெதர்லாந்து, ஜேர்மனி முதலிய நாடுகள் ஐ.நா. பொதுச்சபைக்கு இளையோர் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்து அனுப்புகின்றன. அந்நாடுகளிற் பிறந்து வளர்ந்த தமிழ் இளையோர் அவ்வாய்ப்புக்கு விண்ணப்பிக்க முன்வருதல் வேண்டும்; வீட்டார் அதற்குத் துணை நிற்றல் வேண்டும்.

2015இல் எழுதப்பட்ட இலக்குகளில் பல குறைகள் இருந்தாலும், அவற்றுள் நல்லவை பலவும் கதவைத் தட்டியோர் தட்டியதால் வந்தவையே. அடுத்த ஆவணத்தில் தோட்டத்துக் குழந்தையின் உயரமும், காணாமலாக்கப்பட்ட ஒவ்வொருவரின் பெயரும், தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் பாதுகாப்பும் கணக்கில் வரவேண்டுமெனில், அதற்கான உழைப்பு 2027 செப்டெம்பருக்கு முன்னரே தொடங்கப்பட வேண்டும்.