அழிறப்பரைக் கீழே வையுங்கோ

"பிள்ளைக்கு எழுதுறதில ஆர்வமே இல்லை, என்ன செய்யலாம்?" கொக்குவிலில் வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்வி இது. கேட்கிறவையின்ர கையைப் பாருங்கோ. ஒரு கையில மாதிரிக் கட்டுரைப் புத்தகம், மற்றக் கையில அழிறப்பர்.

பின்னேரங்களில் தரம் 5 படிக்கிற ஒரு பெடியனுக்கு நான் தமிழ் சொல்லிக் குடுக்கிறன். 'எனது அம்மம்மா' எண்டு பத்து வரி எழுதச் சொன்னன். "அம்மம்மா விடிய எழும்பி, சைக்கிளில மீன் கொண்டு வாறவரோட சண்டை பிடிப்பா. பிறகு அவரிட்டத்தான் வாங்குவா" எண்டு தொடங்கியிருந்தான். எங்கட பீடத்தில வாசிக்கிற எத்தனையோ கட்டுரையளில இப்படி ஒரு தொடக்கம் இல்லை. அடுத்த முறை போய்ப் பார்த்தால் அந்த வரியள் கொப்பியில இல்லை. "எனது அம்மம்மா அன்பும் பண்பும் நிறைந்தவர். அதிகாலையில் துயிலெழுந்து இறைவனை வணங்குவார்" எண்டு கிடந்தது. தாய் அழிச்சுப்போட்டா. கேட்டதுக்கு, "இப்பிடி எழுதினால் புள்ளி போடுவினமோ? ஆரும் பாத்தால் என்ன நினைப்பினம்?" எண்டா.

புள்ளிப் பயம் விளங்குது. புலமைப்பரிசில் எங்கட வீடுகளை என்ன பாடுபடுத்துது எண்டு எல்லாருக்கும் தெரியும். (மாடே இல்லாத ஒழுங்கையில எல்லாக் கொப்பியிலயும் 'எங்கள் வீட்டுப் பசு' பால் தருது!) ஆனால் அந்த இரண்டாவது பயம் பழசு. அதை இந்தத் தாய் கண்டுபிடிக்கேல்லை. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கியத்தில் மரபுப் போராட்டம் எண்டு ஒரு பெரிய சண்டை நடந்தது. சனம் பேசுற தமிழைக் கதையில எழுதினதை 'இழிசனர் வழக்கு' எண்டு பண்டிதர் தரப்பு தாக்கியது. தாக்கப்பட்ட முற்போக்கு அணியில் இருந்தவர் டொமினிக் ஜீவா. பள்ளிப் படிப்பை இடையில விட்டவர், யாழ்ப்பாண நகரத்தில சலூனில் முடி வெட்டினவர். அவற்றை 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குத்தான் சாகித்திய மண்டலப் பரிசு கிடைச்சது. 1966இல் அவர் தொடங்கின 'மல்லிகை' பல தசாப்தங்கள் வெளிவந்தது. மாதிரிக் கட்டுரை பாடமாக்கி வந்த எழுத்தில்லை அது.

எழுத்துத்தமிழ் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. சோதினைக்கு அது வேணும், அதைப் பள்ளிக்கூடமும் ரியூசனும் பார்க்கும். வீட்டிலயும் ஒரு சோதினை மண்டபம் எதுக்கு? விஜயதசமிக்கு ஏடு தொடக்கேக்க பிள்ளையின்ர விரலைப் பிடிச்சு அரிசியில 'அ' எழுதுவிக்கிறம். பத்து வயதாகியும் அந்த விரலை விடாமல் பிடிச்சுக்கொண்டு நிற்கிறம்.

கடைக்குப் போற சாமான் துண்டைப் பிள்ளை எழுதட்டும். 'மிழகாய்' எண்டு எழுதினாலும் கடைக்காரர் மிளகாய்தான் தருவார். கனடாவில இருக்கிற மாமாவுக்கு வட்ஸ்அப்பில குரல் அனுப்புறதை ஒருக்கா விட்டுட்டு, மீன்காரர் சண்டையைக் கடிதமாய் எழுதட்டும். மாமா அதைப் பத்துத்தரம் வாசிப்பார்.

அதோட, நீங்கள் எழுதுறியளோ? 1990களில் பொருளாதாரத் தடைக்குள்ள கொப்பி ஒற்றையில பத்திரிகை அடிச்ச ஊர் இது. குப்பி விளக்கில படிச்ச பிள்ளையள்தான் இண்டைக்கு அம்மா, அப்பா. 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள்ள வலிகாமத்தை விட்டு நடந்தவையும் நீங்கள்தான். அந்த இரவைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதி வைச்சிருக்கிற வீடு எங்கட ஒழுங்கையில எத்தினை? பேனை பிடிக்கிற ஒரு பெரிய ஆளை வீட்டில கண்டிராத பிள்ளைக்கு, எழுத்து எண்டால் தண்டனை எண்டுதான் தெரியும்.

இண்டைக்கு இரவு அந்த நடையைப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ. கையில என்ன கொண்டு போனியள், எதை விட்டுட்டுப் போனியள் எண்டு சொல்லுங்கோ. அவன் தன்ர பாட்டில எழுதட்டும். எழுதினதை வாசிச்சுப்போட்டு, எழுத்துப்பிழை பார்க்காமல், "பிறகு?" எண்டு மட்டும் கேளுங்கோ.