பானை வெளியே, சாதி உள்ளே

மார்கழி முடிந்து தை பிறக்கப்போகிறது என்றாலே நம் சபைகள் பலவற்றில் ஓர் எச்சரிக்கை கேட்கத் தொடங்கிவிடும். பொங்கல் புறஜாதியார் பண்டிகை, விசுவாசி வீட்டில் பானை ஏறக் கூடாது. வாசலில் கோலம் கூடாது, பறைச்சத்தம் கூடாது, பக்கத்து வீட்டார் கொடுத்தனுப்பும் சர்க்கரைப் பொங்கலையும் கை நீட்டி வாங்கக் கூடாது. இத்தனை 'கூடாது'களுக்கும் அடியில் இருக்கும் கருத்து ஒன்றே: பிறந்த மண்ணின் வழக்கங்களை விட்டு எவ்வளவு தூரம் விலகுகிறோமோ, அந்த அளவுக்கு நம் விசுவாசம் உண்மையானது.

இந்தக் கருத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். அது வேதத்தோடு ஒட்டவில்லை, தமிழ்க் கிறிஸ்தவத்தின் வரலாற்றோடும் ஒட்டவில்லை. சபை உண்மையில் எதை எதிர்த்து நிற்க வேண்டுமோ, அதை நம் கண்ணிலிருந்து மறைத்தும் விடுகிறது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. "இவை எல்லாம் விக்கிரக ஆராதனை"

சில வீடுகளில் பொங்கல் சூரியனுக்குப் படைக்கப்படுகிறது, உண்மைதான். அந்தப் படையலில் ஒரு கிறிஸ்தவர் கலந்துகொள்ள மாட்டார், அதுவும் சரிதான். ஆனால் புது அரிசியும் வெல்லமும் பொங்குவது எப்படி விக்கிரக ஆராதனையாகும்?

இதே சிக்கல் கொரிந்து பட்டணத்துச் சபையில் எழுந்தது. அங்கே கடையில் விற்ற இறைச்சியில் கோயிலில் படைக்கப்பட்டதும் கலந்திருந்தது. பவுல் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தடை செய்துவிடவில்லை. கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம் என்றார். விருந்துக்கு அழைத்தவர் வீட்டில் வைப்பதையும் சாப்பிடலாம் என்றார். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால், அவருடைய மனச்சாட்சியை மதித்து விட்டுவிடச் சொன்னார். விக்கிரகத்தின் பந்தியில் பங்குகொள்வதை மட்டும் அறவே விலக்கினார். வழிபாடு எது, வழக்கம் எது என்று பிரித்துப் பார்க்கும் பொறுப்பை அவர் சபையின் கையில் கொடுத்தார். நம் போதகர்கள் அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழித்துவிட்டு, வேலிக்கு அப்பால் இருப்பதெல்லாம் பாவம் என்கிறார்கள்.

நாமே பல இடங்களில் பிரித்துப் பார்த்துத்தான் வந்திருக்கிறோம். நம் கல்யாணங்களில் தாலி உண்டு, அதில் சிலுவையோ புறாவோ பொறித்திருக்கும். தெற்கத்திச் சி.எஸ்.ஐ. சபைகளின் அறுப்பின் பண்டிகையைப் பாருங்கள். கோயில் முற்றத்தில் வாழைத்தார், பூசணிக்காய், கருப்பட்டி, கால் கட்டிய சேவல் எல்லாம் வரிசையாக இருக்கும். ஒரு முட்டைக்கு ஏலம் ஏறிக்கொண்டே போகும். எடுத்தவர் பணத்தைக் கொடுத்துவிட்டு முட்டையைத் திரும்பவும் ஏலத்துக்கே விடுவார். விளைச்சலுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும் நாள் அது. அதே நன்றியை அடுப்பில் பானை ஏற்றிச் சொன்னால் மட்டும் தவறாகிவிடுமா?

2. "உலகத்தை விட்டுப் பிரிந்து வரச் சொல்கிறது வேதம்"

சொல்கிறதுதான். எதைவிட்டுப் பிரிய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது: பொருளாசை, பொய், விபசாரம், ஏழையை ஒடுக்குவது. ஊரின் உணவையும் உடையையும் இசையையும் விட்டுப் பிரிவதே பரிசுத்தம் என்றால், முதலில் இயேசுவே அதற்கு எதிரானவர். நாசரேத்தில் தச்சராக இருந்தார், கானாவூர்க் கல்யாணத்துக்குப் போனார், ஆயக்காரரோடு பந்தியில் உட்கார்ந்தார். விதைப்பு, வலை, புளித்த மாவு என்று ஊரார் கையில் புழங்கிய பொருள்களை வைத்தே பேசினார்.

ஆதித் திருச்சபை சந்தித்த முதல் பெரிய வழக்கும் இதுதான். புறஜாதியார் விசுவாசிகளானால் விருத்தசேதனம் செய்து யூத வழக்கத்துக்கு மாற வேண்டுமா? எருசலேமில் அப்போஸ்தலர் கூடிப் பேசி, வேண்டியதில்லை என்று தீர்த்தார்கள். கிரேக்கர் கிரேக்கராக இருந்தபடியே கிறிஸ்தவரானார். தமிழருக்கு மட்டும் அந்தத் தீர்ப்பு ஏன் செல்லாது?

3. "ஊர்ப் பண்பாட்டோடு கலந்தால் நம் தனித்தன்மை கரைந்துவிடும்"

பண்பாடே இல்லாத கிறிஸ்தவம் எங்கும் கிடையாது. தமிழ்ப் பண்பாட்டை வெளியே அனுப்பினால் அந்த இடத்துக்கு வேறொன்று வந்து உட்காரும். பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் டிசம்பரில் பஞ்சைப் பனியாக ஒட்டிய ஊசியிலை மரம் நிற்கிறது. மணமகள் வெள்ளை கவுன் அணிகிறார், மணமகன் வெயிலில் கோட்டும் டையுமாக வியர்த்து நிற்கிறார். இவற்றில் ஒன்றுகூட வேதத்தில் இல்லை. ஐரோப்பியர் தம் ஊர் வழக்கத்தை விசுவாசத்தோடு சேர்த்துக்கொண்டதால் வந்தவை இவை. அவர்கள் செய்ததைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. அதே உரிமை நமக்கும் உண்டு என்பதை மறந்ததுதான் குற்றம்.

தமிழோடு கலந்தவர்களின் விசுவாசம் கரைந்ததாகவும் வரலாறு சொல்லவில்லை. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், யோசேப்பின் கதையைச் சொல்ல 3,615 பாடல்களில் தேம்பாவணி படைத்தார், யூதேயாவைத் தமிழ் மருத நிலமாகவே பாடினார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சிக் கூத்தின் வடிவத்தை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, கம்பனில் ஊறிய தமிழிலேயே 1894-இல் இரட்சணிய யாத்திரிகத்தைத் தந்தார். தமிழிசையை ஆராய்ந்து 1917-இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் ஆழ்ந்த கிறிஸ்தவர். ராகமும் தாளமும் குறித்த கீர்த்தனைகளை இன்றும் நம் கோயில்களில் பாடுகிறோம். இவர்களை நீக்கிவிட்டால் தமிழ்க் கிறிஸ்தவத்தில் என்ன மிஞ்சும்?

இன்னொன்றும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் ஆசையோடு கொண்டுவந்த பொங்கலைத் திருப்பி அனுப்புகிறவர், பிறகு அவரிடம் எந்த அன்பைப் பற்றிச் சாட்சி சொல்ல முடியும்? கிறிஸ்தவர்கள் இந்த மண்ணுக்கு அந்நியர் என்று வெளியே இருந்து பழிப்போர் இருக்கிறார்கள். நாமே விலகி விலகி நின்று அந்தப் பழிக்குச் சான்று தேடிக் கொடுக்கிறோம்.

4. "பண்பாட்டுக்கு இடம் கொடுத்தால் சாதியும் கூடவே வரும்"

எதிர்த்தரப்பின் காரணங்களில் கனமானது இது. இதில் உண்மையும் இருக்கிறது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி, சந்தனமும் பூணூலும் குடுமியும் ஊர் வழக்கங்களே என்று வாதிட்டார். 1623-இல் ரோமாபுரி அதற்கு அனுமதி தந்தது. ஆனால் அந்த வழியில் சாதி ஏற்றத்தாழ்வும் சபைக்குள் அப்படியே நிலைத்தது. சாதி வேறுபாட்டைக் கைவிட வேண்டும் என்று ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் ஆணையிட்டபோது தஞ்சையில் கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகச் சுவர் வைத்தே கோயில் கட்டினார்கள். அந்தச் சுவர் 1910-இல்தான் இடிந்தது.

ஆகவே பண்பாட்டைச் சலித்தெடுக்காமல் ஏற்பதை நானும் ஏற்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் விட்டுவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளும் சபைகளின் இன்றைய நிலை என்ன? பொங்கல் பானையை வெளியேற்றிய வீட்டிலேயே வரன் தேடும் விளம்பரத்தில் சாதிப் பெயர் முதல் வரியில் நிற்கிறது. கோலம் கூடாது என்கிற ஊரிலேயே கல்லறைத் தோட்டம் இரண்டாகக் கிடக்கிறது. யாருக்கும் தீங்கு செய்யாத அரிசிமாவைப் பாவம் என்று துடைத்தோம். கிறிஸ்துவின் சரீரத்தையே பிளக்கும் பாவத்தைக் குடும்ப வழக்கம் என்று வைத்துக்கொண்டோம்.

சலித்தெடுப்பது எப்படி என்பதற்கு நம்மிடையே முன்மாதிரி உண்டு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, மக்கள் 'பறட்டை அண்ணன்' என்று அழைத்தவர். சாதி இழிவு சுமத்திய பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். எல்லோரும் ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்பதே திருவிருந்தின் பொருள் என்று போதித்தார். ஊரின் இசையும் உணவும் அவர் கையில் சாதிக்கு எதிரான சாட்சியாக மாறின. பண்பாட்டுக்குள் நின்றபடியே பண்பாட்டின் பாவத்தை எதிர்க்க முடியும் என்பதை அவர் செய்து காட்டினார்.

எனவே ஒரு வழக்கத்தை எடைபோட நமக்குத் தேவையான கேள்விகள் இரண்டு. கடவுளுக்கு உரிய இடத்தை இது வேறொன்றுக்குக் கொடுக்கிறதா? கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட ஒரு மனிதரை இது தாழ்த்துகிறதா? இந்த இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் வருகிற எதையும் விட வேண்டிய கட்டாயம் கிறிஸ்தவருக்கு இல்லை. பொங்கலும் கோலமும் பறையும் இதில் தேறும். சாதி இரண்டாவது கேள்வியிலேயே விழுந்துவிடும்.

வருகிற தையில் ஒவ்வொரு சபையும் தன் முற்றத்தில் பானை ஏற்றட்டும். தெருவாரியாகப் பிரியாமல் சபையார் எல்லோரும் ஒரே பானையிலிருந்து உண்ணட்டும், மதம் பாராமல் ஊராரையும் அழைக்கட்டும். அதே வாரம் சபைக்குழுவைக் கூட்டி, கல்லறைத் தோட்டத்தில் இனி ஒரே வரிசைதான் என்று தீர்மானம் எழுதட்டும். வேறுபட்ட ஜீவியம் வேண்டும் என்று பிரசங்கிக்கும் போதகர்களே, இந்த இரண்டாவது காரியத்தில் ஊரைவிட்டு நாம் வேறுபட்டுக் காட்டுவோம்.