கூரைல 3 கிலோவாட், பாத்ரூம்ல 300 லிட்டரா?

டிஸ்கி: இந்தப் பதிவுல கணக்கு வரும். ஏழாங்கிளாஸ் பெருக்கல்தான், பயந்து ஓடிடாதீங்க.

மக்களே, 2024 பிப்ரவரில பிரதமர் சூர்ய கர் திட்டம் வந்தாலும் வந்துச்சு, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம்னு கோவைப் பக்கம் நம்ம சொந்தத்துலயே நாலஞ்சு வீட்டு மொட்டை மாடில பேனல் ஏறிடுச்சு. நல்ல விஷயம். சந்தோஷம். ஆனா பேனல் மாட்ட வர்றவங்க கூடவே ஒரு வசனமும் கொண்டு வர்றாங்க பாருங்க, அதுதான் நமக்கு கடுப்பு.

"சார், வெயில் கரண்ட் ஃப்ரீதானே? மதியம் தண்ணிய சூடு பண்ணி பெரிய தொட்டில வச்சுக்கோங்க. அதுவே உங்களுக்கு பேட்டரி!"

எங்க பெரியம்மா பையன் வீட்டுக்கு ஒருத்தர் எழுதிக் குடுத்த கொட்டேஷன்ல 300 லிட்டர் தொட்டி. வீட்டுல இருக்கறது நாலே பேர். குளிக்கறது பக்கெட்ல. எதுக்கு 300னு கேட்டா, "3 கிலோவாட்டுக்கு 300 லிட்டர், மேட்சிங்கா இருக்கும்"னு பதில். ஜாக்கெட் பிட்டா சார், மேட்சிங் பார்க்கறதுக்கு?

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணிய ஒரு டிகிரி ஏத்த 1.163 வாட்-மணி வேணும். இது எந்தக் கம்பெனி ஹீட்டர் வாங்கினாலும் மாறாது. கோவைல மேல்நிலைத் தொட்டித் தண்ணி 25 டிகிரினு வைங்க (மார்கழில இன்னும் கொஞ்சம் குறையும்). குளிக்க 40 டிகிரி போதும். 20 லிட்டர் பக்கெட் ஒண்ணுக்கு 20 x 15 x 1.163, அதாவது சுமாரா 350 வாட்-மணி. மூணுல ஒரு பங்கு யூனிட். நாலு பேருக்கு 1.4 யூனிட். அவ்வளவேதான்!

இப்ப தொட்டி. 60 டிகிரில வச்சிருக்கற தண்ணிய பச்சைத் தண்ணியோட கலந்துதான் குளிக்கறோம். 80 லிட்டர் குளியல் தண்ணிக்கு 60 டிகிரி தண்ணி வெறும் 34 லிட்டர் போதும். ஆளுக்கு ரெண்டு பக்கெட்னாலும் 68 லிட்டர். 300 எங்க இருந்து வந்துச்சு?

அந்த 300 லிட்டரை 25ல இருந்து 60க்கு ஏத்த 12 யூனிட் ஆகும். 3 கிலோவாட் பேனல் நம்ம ஊர் வெயில்ல ஒரு நாளைக்கு தர்றதே கிட்டத்தட்ட 12 யூனிட்தான். கூரை மொத்தமும் ஒரு நாள் பூரா உழைச்சு ஒரு தொட்டிய சூடு பண்ணும், அதுல நீங்க 34 லிட்டர் மொண்டுக்குவீங்க. மிச்சம் 266 லிட்டர் சும்மா உக்காந்து ஆறும், மறுபடி சூடாகும், மறுபடி ஆறும். இதுக்குப் பேரு பேட்டரியா? சொ.செ.சூ!

இந்தப் பெரிய தொட்டி மோகம் ரெண்டு இடத்துல இருந்து வருது.

முதல் இடம், பழைய சோலார் வாட்டர் ஹீட்டர். கண்ணாடிக் குழாய் வச்சு வெயில்லயே நேரடியா தண்ணிய காய்ச்சுமே, அது. அதுக்கு "ரெண்டு பேருக்கு 100 லிட்டர்"னு கணக்கு சொல்லுவாங்க. அங்க அது நியாயம். நேத்து வெயில்ல காய்ஞ்சதுதான் இன்னிக்கு காலைல குளிக்க, அதனால ஒரு நாள் தேவைய மொத்தமா பிடிச்சு வச்சே ஆகணும். உங்க மாடில இருக்கறது கரண்ட் தர்ற பேனல். ரெண்டுக்கும் "சோலார்"னு ஒரே பேர் இருக்குங்கறதுக்காக ஒரே கணக்கா?

ரெண்டாவது இடம், யூட்யூப் வெள்ளைக்காரர். ஆஸ்திரேலியாலயும் பிரிட்டன்லயும் பேனல் வச்சவங்க மதிய கரண்ட்டை தொட்டிக்குத் திருப்பி விடறாங்க. அவங்க செய்யறது ரொம்ப சரி. அங்க பொதுவா கிரிட்டுக்கு விக்கற யூனிட்டுக்கு கிடைக்கற காசு, வாங்கற யூனிட்டுக்கு குடுக்கற காசை விட ரொம்பக் கம்மி. விக்கறதுக்கு பதிலா தண்ணில போட்டு வைக்கறது அவங்களுக்கு லாபம்.

நம்ம கதை வேற. தமிழ்நாட்டுல 2021 விதிகள்படி வீட்டு இணைப்புக்கு நெட் மீட்டரிங் உண்டு. மதியம் நீங்க அனுப்பின ஒரு யூனிட், காலைல ஆறு மணிக்கு நீங்க எடுக்கற ஒரு யூனிட்டோட கழியும். மழை நாளா இருந்தாலும் கழியும். அப்ப உங்க பேட்டரி எது? தெருமுனைல நிக்கற டிரான்ஸ்ஃபார்மர்தான்! தொட்டி ராத்திரி பூரா சூட்டை இழக்கும். மீட்டர்ல இருக்கற யூனிட் ஆறிப் போகாது.

"எங்க தொட்டிக்கு கனமான பஃப் இன்சுலேஷன் சார், சூடே போகாது"ம்பாங்க. போகும். போகலைன்னா பிஇஇ ஸ்டார் லேபிள்ல 24 மணி நேரத்துக்கு எவ்வளவு யூனிட் வீணாகுதுனு எதுக்கு அச்சடிக்கறாங்க? அதைப் படிங்க. பெரிய தொட்டில ஒரு நாளைக்கு ஒரு யூனிட் கூடுதலா போச்சுனாலே மாசம் 30 யூனிட். உங்க குடும்பமே மாசத்துக்கு 42 யூனிட்லதான் குளிக்குது!

இன்னொரு கேள்வி வரும். "பகல்ல சூடு பண்ணா கிரிட்டுக்கு நல்லதுதானே? நேரத்துக்கு ஒரு கட்டணம் வரப் போகுதாமே?" நியாயமான கேள்வி. மத்திய அரசோட 2023 விதிகள் வெயில் நேரத்துக் கட்டணம் வழக்கத்தை விட 20 சதவீதம் குறைவா இருக்கணும்னு சொல்லுது. சரி, அது நம்ம வீட்டுக்கு வந்துடுச்சுனே வைங்க. 1.4 யூனிட்ல 20 சதவீதம் 0.28 யூனிட். இதுக்காகவா மாடில 300 கிலோ தண்ணிய ஏத்தி, ஸ்டாண்டு அடிச்சு, தனியா பைப் இழுக்கணும்? அந்த பைப் இன்னொரு கூத்து. முக்கால் இஞ்ச் பைப் 20 மீட்டர்னா உள்ள அஞ்சாறு லிட்டர் ஆறின தண்ணி நிக்கும். தினம் அதை முதல்ல திறந்து விட்டாத்தான் சுடுதண்ணி வரும். லாரித் தண்ணி வாங்கற ஏரியால இதைச் செய்ய மனசு வருமா?

பெரிய தொட்டியே தப்புனு சொல்ல வரல. ஊட்டில இருக்கீங்க, பச்சைத் தண்ணியே 15 டிகிரி. வாங்கலாம். நாலு பேரும் ஆளுக்கு பத்து நிமிஷம் ஷவர்ல நிக்கறீங்க, நிமிஷத்துக்கு 8 லிட்டர். 320 லிட்டர் குளியல், 60 டிகிரி தண்ணி 137 லிட்டர். எல்லாரும் ஒரே நேரத்துல குளிச்சா 100 லிட்டர் தொட்டி தேவைதான். உங்க இன்வெர்ட்டர் கிரிட்டுக்கு அனுப்பாத வகை, இல்ல அனுப்பற யூனிட்டுக்கு அடிமாட்டு விலைதான் கிடைக்குதுனா, அப்ப வெள்ளைக்காரர் கணக்கு உங்களுக்கும் பொருந்தும். தாராளமா வைங்க. மத்தவங்களுக்கு, பக்கெட்ல குளிக்கற நாலு பேர் வீட்டுக்கு, நல்ல ஸ்டார் உள்ள 25 லிட்டர் கீசர் போதும். 2 கிலோவாட் காயில்ல அரை மணி நேரத்துல 25ல இருந்து 60க்கு வந்துடும். ரெண்டு பேர் குளிக்கறதுக்குள்ள மூணாவது ஆளுக்கு ரெடி.

அதனால கொட்டேஷன் நீட்டறவர்கிட்ட மூணே கேள்வி கேளுங்க. எங்க வீட்டுல காலைல எத்தனை லிட்டர் சுடுதண்ணி செலவாகும்னு எப்படி கணக்கு போட்டீங்க? இந்தத் தொட்டி சும்மா இருந்தா ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் இழக்கும்? நெட் மீட்டர் இருக்கும்போது மதியமே சூடு பண்ணி எனக்கு எத்தனை ரூபாய் மிச்சம்? மூணுக்கும் எண்ணுல பதில் வரணும். "எல்லாரும் இதான் சார் வைக்கறாங்க"ங்கறது பதில் இல்ல.

அரசாங்கம் குடுக்கற 78,000 மானியம் உங்க கரண்ட் பில் குறையறதுக்கு. அடுத்தவர் குடோன்ல தேங்கிக் கிடக்கற தொட்டிய காலி பண்றதுக்கு இல்ல. தொட்டி அளவு கூரையப் பார்த்து வராதுங்க, உங்க பக்கெட்டைப் பார்த்துதான் வரும்.

பி.கு: பக்கெட் எத்தனை லிட்டர்னு தெரியாதவங்க அடில திருப்பிப் பாருங்க, எழுதியிருக்க வாய்ப்பு இருக்கு. இல்லனா ஒரு லிட்டர் தண்ணி பாட்டில்ல அளந்து ஊத்துங்க. அஞ்சு நிமிஷ வேலை, 300 லிட்டர் தொட்டிய மிச்சம் பண்ணும் :-)