சும்மா இருக்கும்போதே போன் சுடுகிறதா?

கேள்வி: குறுவைக்கு நாற்று விட்ட சமயத்தில், ‘பி.எம். கிசான்’ என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு செயலி வந்தது. அதைப் போட்டதிலிருந்து போன் சட்டைப் பையில் இருக்கும்போதே சுடுகிறது. சார்ஜ் அரை நாள்கூட நிற்பதில்லை. பேட்டரி மாற்றியும் சரியாகவில்லை. என்ன செய்வது?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: பேட்டரி பழசானாலும், டவர் சரியாகக் கிடைக்காவிட்டாலும் போன் சூடாகும். புது பேட்டரி போட்டும், தொடாமல் வைத்திருந்தும் சுடுகிறது என்றால், அந்தச் செயலியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கிரிப்டோ நாணயங்கள் சிலவற்றை, கம்ப்யூட்டரில் ஓயாமல் கணக்குப் போடவைத்து ஈட்டுகிறார்கள். இதற்கு ‘மைனிங்’ என்று பெயர். கரண்டும் கருவியும் நிறைய வேண்டும். அந்தச் செலவை மிச்சப்படுத்த, திருடர்கள் அடுத்தவர் போனில் ஒளிந்துகொண்டு இந்த வேலையைச் செய்கிறார்கள். நம் போர்வெல் மோட்டாரை இராத்திரியில் ஓட்டி, தன் வயலுக்குப் பாய்ச்சிக்கொள்வது போலத்தான். தேய்மானம் நமக்கு, விளைச்சல் அவனுக்கு.

2018-இல் திருப்பதி மாநகராட்சியின் இணையதளத்திலேயே இப்படி ஒரு நிரல் ஒளிந்திருந்தது தெரியவந்தது. இணையப் பக்கத்தில் இருப்பது, பக்கத்தை மூடினால் நின்றுவிடும். செயலியாக உள்ளே வந்தது அப்படி நிற்காது. 2025 ஜூலையில் மெக்காஃபி நிறுவனம் சில போலிச் செயலிகளைப் பற்றி எச்சரித்தது. எஸ்.பி.ஐ. கார்டு, ஆக்சிஸ் வங்கி போன்ற பெயர்களில் வந்த அவை, கார்டு விவரங்களைத் திருடியதோடு, மொனேரோ என்ற நாணயத்துக்காக மைனிங்கும் செய்தன. ஆகவே, போன் சூடாவது சின்ன நஷ்டம். பேங்க் கணக்குக்குத்தான் பெரிய ஆபத்து.

செய்ய வேண்டியவை:

1. முதலில் போனில் நெட்டை நிறுத்தவும். அந்தச் செயலியில் கார்டு எண்ணோ ஓ.டி.பி.யோ கொடுத்திருந்தால், வேறு போனிலிருந்து உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்லவும்.

2. செட்டிங்ஸில் ‘பேட்டரி’ பகுதியில், எந்தச் செயலி அதிக சார்ஜ் குடிக்கிறது என்று பார்க்கவும். சந்தேகமான செயலியை நீக்கவும். நீங்க மறுத்தால், படங்களையும் நம்பர்களையும் வேறிடத்தில் சேமித்துவிட்டு, போனை ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்யவும்.

3. பிறகு நெட்டைப் போட்டு, பிளே ஸ்டோரில் ‘பிளே புரொடெக்ட்’ சோதனையை ஓடவிடவும்.

4. வாட்ஸ்அப்பில் வரும் ‘ஏ.பி.கே.’ கோப்பை, சொந்தக்காரரே அனுப்பியிருந்தாலும் திறக்க வேண்டாம். உழவன் செயலி உட்பட எதையும் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுக்கவும்.

கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணமும், பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாயும் வந்து சேரும் கணக்கு, இந்தப் போன் நம்பரோடுதான் இணைந்திருக்கிறது. போனையும் வயலைப் போலக் காவல் காக்க வேண்டும்.