சிரிக்க வை, பார்க்கலாம்!

நகைச்சுவை நாடகத்துக்கு நடிகர் தேர்வு என்ற பெயரில் நம் ஊர்க் குழுக்களில் நடக்கிற காரியம் ஹாஸ்யத்துக்கே விரோதமானது என்பது என் கட்சி. ‘ஆடிஷன்’ என்று அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறோம். பெயர் வந்த அளவுக்கு விஷயம் வந்து சேரவில்லை.

நடைமுறை தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறை, இல்லாவிட்டால் யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடி. மேஜைக்கு அந்தப்புறம் குழுவின் காரியதரிசி, டைரக்டர், பணம் போட்டவர், பணம் போட்டவருடைய மைத்துனர். இந்தப்புறம், பாங்கியிலோ கம்பெனியிலோ வேலை பார்க்கும் பிள்ளை ஒருவன் கையில் ஒரு தாளோடு நிற்கிறான். நாடகத்திலேயே அதிகமாகச் சிரிப்பு வரும் என்று நம்பப்படுகிற பக்கம் அது. “எங்கே தம்பி, சிரிக்க வையுங்க, பார்க்கலாம்!” என்கிறார் காரியதரிசி, வட்டிக்காரன் “பணத்தை வை” என்பதைப் போல. பிள்ளை குரலைக் கீச்சென்று உயர்த்துகிறான்; கண்ணை உருட்டுகிறான்; இல்லாத வழுக்கலில் ஒரு தரம் வழுக்கி விழுகிறான். நால்வரில் மூவர் சிரித்துவிட்டால் தேறிவிட்டான். பரீட்சை முடிந்தது.

சிரிக்க வைக்கும் நாடகத்துக்குச் சிரிக்க வைப்பவனைத்தானே எடுக்க வேண்டும், இதில் என்ன ஐயா கோளாறு என்று கேட்பீர்கள். கோளாறு இதுதான்: ஹாஸ்யப் பாத்திரத்துக்குத் தான் ஹாஸ்யப் பாத்திரம் என்பது தெரியவே கூடாது.

பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர் அவர்; வக்கீலாக இருந்து நீதிபதியும் ஆனவர். எஜமானுக்கும் சபாபதி என்று பெயர், வேலைக்காரனுக்கும் சபாபதி என்று பெயர். வேலைக்காரன் சொன்னதைச் சொன்ன எழுத்துப்படியே செய்து விபரீதத்தை வரவழைக்கிறான். அவன் மனசில் குறும்பு துளியும் கிடையாது. எஜமானின் உத்தரவை இவ்வளவு சரியாக நிறைவேற்றிய பின்னும் ஏன் திட்டு விழுகிறது என்பது அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. விளங்காத அந்த முகம்தான் நாடகம். அதை நடிப்பவன் சபையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டால் வேலைக்காரன் செத்தான். மிஞ்சுவது ஒரு கோமாளி.

1941-ல் ஏ. வி. மெய்யப்பன் அந்த நாடகத்தைப் படமாக்கியபோது எஜமான் டி. ஆர். ராமச்சந்திரன், வேலைக்காரன் காளி என். ரத்னம். ரத்னத்தின் பெயரோடு ‘காளி’ எப்படி ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறீர்கள்? ‘கோவலன்’ நாடகத்தில் காளி வேஷம் போட்டதால்! நாக்கைத் துருத்திக்கொண்டு ஆவேசமாக ஆடுகிற வேஷம். அது போதாதென்று, பாய்ஸ் கம்பெனியில் பிள்ளைகளுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் வேறு. இப்படிப்பட்ட ஒருவர் இன்றைய மொட்டை மாடித் தேர்வுக்கு வந்து நின்றால், “முகத்தில் காமெடி இல்லையே” என்று காப்பி கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

பாய்ஸ் கம்பெனிகளை நான் கொண்டாடவில்லை. பிள்ளைகளை அடித்தார்கள், சரியான சம்பளம் இல்லை, பலருக்குப் படிப்பும் போயிற்று. ஆனால் ஒரு பையனுக்கு எந்த வேஷம் பொருந்தும் என்பதை மூன்று நிமிஷத்தில் தீர்மானிக்கிற அபத்தம் மட்டும் அங்கே கிடையாது. கூடவே சாப்பிட்டு, கூடவே தூங்குகிறவனை வாத்தியார் பல மாதம் பார்த்தார். டி. கே. எஸ். சகோதரர்களின் கம்பெனியிலிருந்துதான் என். எஸ். கிருஷ்ணன் வந்தார் என்பதை ஞாபகப்படுத்தினால் போதும்.

நாகேஷின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. ரயில்வேயில் குமாஸ்தா வேலை. அமெச்சூர் நாடகத்தில் வயிற்று வலிக்காரனாகச் சின்ன வேஷம். தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். அந்தச் சின்ன வேஷத்தைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டினார். வயிற்று வலியில் என்ன ஜோக் இருக்கிறது? வலிதான் இருக்கிறது. துடிப்பவன் மெய்யாகத் துடித்தால் பார்க்கிறவன் சிரிக்கிறான். இது கொஞ்சம் கொடுமையான உண்மை. ஆனால் ஹாஸ்யத்தின் அஸ்திவாரம் அங்கேதான் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் என் நாடகம் ஒன்றை ஒரு குழு எடுத்துக்கொண்டது. பெயர் வேண்டாம். வீட்டுக்காரர் ஒருவர், குடித்தனக்காரரின் அட்வான்ஸ் பணத்தை மகள் கல்யாணத்தில் செலவழித்துவிட்டார். குடித்தனக்காரர் காலி செய்ய நினைக்கிறார். திருப்பிக் கொடுக்கப் பணம் இல்லாததால், அவரைப் போகவிடாமல் வீட்டுக்காரர் படாத பாடு படுகிறார். இவ்வளவுதான் கதை. ஆசிரியன் என்ற முறையில் என்னையும் மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள்.

தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற ஒருவர் குடித்தனக்காரரின் பேச்சைப் படித்தார். “அட்வான்ஸ் எப்போ சார் கிடைக்கும்?” என்ற வரியை, கேட்கவே கூச்சப்படுகிறவராக, பார்வையைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். நான் சிரித்துவிட்டேன். “மனுஷன் சீரியஸாப் படிக்கிறாரே சார்” என்று உதட்டைப் பிதுக்கினார் காரியதரிசி. அடுத்து வந்த இளைஞன் ஒரே நிமிஷத்தில் ஐந்து சினிமா நடிகர்களின் குரலில் பேசினான். நான் எவ்வளவு வாதாடியும் பலிக்கவில்லை. அவனுக்கே வேஷம் கிடைத்தது. அரங்கேற்றத்தில் அவன் ஒவ்வொரு வரியையும் சபையிடம் சொல்லிவிட்டுக் கைத்தட்டலுக்காக நின்றான். எதிரே வீட்டுக்காரராக நடித்தவர், கடைத்தெருவில் கையை விட்டுவிட்ட குழந்தை மாதிரி விழித்துக்கொண்டு நின்றார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அன்று காலை நடந்த இன்னொன்றைப் பொறுக்க முடியவில்லை. முப்பது வயசு இருக்கும் ஒருவர் வந்தார். வீட்டுக்காரரின் மருமகன் வேஷத்துக்குப் படிக்க விருப்பம் என்றார். பேச்சு திக்கியது. ஆனாலும் பாத்திரத்தைப் புரிந்துகொண்டு படித்தார். இரண்டாவது பக்கத்தில் திக்கல் வெகுவாகக் குறைந்துவிட்டது. மேஜைக்குப் பின்னால் ஒரே குதூகலம். “ஐயோ, குறைக்காதீங்க! அப்படியே பேசுங்க, அதுவே போதும்! வேலைக்காரன் வேஷத்தை உங்களுக்கே தந்துடலாம்” என்றார் பணம் போட்டவர். வந்தவர் தாளை நான்காக மடித்து மேஜைமேல் வைத்தார். கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குண்டு மனிதர் ஒருவர், திக்குவாய் ஒருவர், காது கேளாத தாத்தா ஒருவர் என்று பட்டியல் போட்டுக்கொண்டு அதற்கு ஆள் தேடுகிற வழக்கத்துக்குத் தேர்வு என்று பெயர் சொல்லலாமா? மளிகைச் சாமான் வாங்குகிறவர்கள் இப்படிச் செய்யலாம். ஒருவர் வாழ்நாளெல்லாம் போராடி அடக்கிவைத்திருப்பதை மேடையில் அவிழ்த்துவிடு, நாங்கள் சிரிக்கிறோம் என்கிறோம். டிக்கெட் வாங்கினவர்களும் இதற்கு உடந்தை. கசப்பாக இருந்தாலும் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெண்களுக்கு இந்தப் போலிப் பரீட்சைகூடக் கிடையாது. ஒத்திகைக்கு எத்தனை நாள் வர முடியும், ராத்திரி யார் அழைத்துப் போவார்கள், சொந்தப் புடவை இருக்கிறதா. இந்த மூன்று கேள்வியோடு தேர்வு முடிந்துவிடும். ஹாஸ்யம் புருஷன்மார் சொத்து. மனைவி வேஷக்காரி இடுப்பில் கைவைத்துக் கத்தினால் போதும் என்பது எண்ணம். பள்ளத்தூரில் வளர்ந்து நாடக மேடையில் பழகிய மனோரமாவைக் கண்ணதாசன் 1958-ல் ‘மாலையிட்ட மங்கை’யில் ஹாஸ்ய வேஷத்துக்கு அழைத்தபோது, கதாநாயகி வாய்ப்புப் போய்விடுமோ என்று அவரே தயங்கினாராம். அவ்வளவு பெரிய கலைஞருக்கே அந்தத் தயக்கத்தை உண்டாக்கியது எது?

‘டைமிங்’ பிறவியிலேயே வர வேண்டும், அதைத்தான் பார்க்கிறோம் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். டைமிங் என்பது வேகம் அல்ல. எதிராளி பேசும்போது காது கொடுப்பது. சபையின் சிரிப்பு உச்சத்துக்குப் போய்ப் பாதியளவு இறங்கும்வரை, பாத்திரத்தை விட்டு நழுவாமல் காத்திருப்பது. முந்திப் பேசினால் வரி மூழ்கிவிடும். பிந்தினால் காட்சி ஆறிவிடும். தனியாக நின்று தாளைப் படிக்கிறவனிடம் இதை எப்படி ஐயா கண்டுபிடிப்பீர்கள்? இருவரை எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவரைப் பேசச் சொல்லி, பேசாதவர் முகத்தைப் பாருங்கள். பிறகு வேஷத்தை மாற்றிக் கொடுங்கள். ஒன்றும் பேசாமல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவச் சொல்லுங்கள். அரைமணி நேரம் ஆகும். ஆகட்டுமே! ஆறு மாதம் ஒத்திகை பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதிகமா?

எல்லோரும் உத்தியோகஸ்தர்கள், மாலை ஆறு மணிக்கு ஒத்திகைக்கு வரக்கூடியவன்தான் வேண்டும் என்றால் அது நியாயமான காரணம். அதைச் சொல்லியே ஆளை எடுங்கள். அதற்குத் திறமைப் பரீட்சை என்று ஜரிகை கட்ட வேண்டாம்.

இப்போது புதிதாக ஒரு நாடகம் எழுதி முடித்திருக்கிறேன். தேர்வுக்காக அதிலிருந்து நானே இரண்டு பக்கம் பொறுக்கி வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஜோக் கிடையாது. ஒன்றில் தாயாரின் மருந்துச் சீட்டைத் தேடுகிறான் ஒருவன். மற்றதில் இருவர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். இந்த இரண்டு பக்கத்தைக் கொடுத்து, வருகிறவர்களை ஜோடி ஜோடியாக உட்காரவைத்துப் பார்க்கச் சம்மதிக்கிற குழுவுக்கு நாடகத்தைத் தருவேன். யாரும் சம்மதிக்காவிட்டால் அது என் மேஜை இழுப்பறையிலேயே கிடக்கட்டும்.