வாய்க்கால் வயலோடு முடிவதில்லை

1990ஆம் ஆண்டு வன்செயலாலும், 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையாலும் வீடு வாசலை விட்டு எழுந்த கமக்காரக் குடும்பங்களோடு நாம் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுவதுண்டு. நற்பிட்டிமுனையிலும் அது எழுந்தது. “பாதர், எங்கட காணிக்கே இன்னும் ஒரு முடிவு இல்ல. இதுக்குள்ள வாவியையும் கடலையும் காப்பாத்துங்க எண்டு சொல்றீங்களே?”

நியாயமான கேள்வி. காணி இழந்தவனிடம் கடமையைப் பற்றி மட்டும் பேசுவது அநீதி. ஆயினும் இக்கேள்விக்குள் ஒரு தவறான எண்ணமும் ஒளிந்திருக்கிறது. வயல் கமக்காரனுடையது, வாவி மீனவனுடையது, கடல் அரசாங்கத்தினுடையது என்பதே அந்த எண்ணம். நீர் இப்படிப் பிரிந்து ஓடுவதில்லை.

கப்பலைப் பார்த்தோம், வாய்க்காலைப் பார்க்கவில்லை

2020 செப்டெம்பர் 3ஆம் திகதி நமது மாவட்டத்தின் சங்கமன்கண்டிக்கு நேரே ஆழ்கடலில் ‘நியூ டயமண்ட்’ என்ற கப்பல் தீப்பற்றியது. குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெயை அது ஏற்றிச் சென்றது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார். இலங்கைக் கடற்படையும் விமானப்படையும் இந்தியக் கரையோரக் காவற்படையும் பல நாட்கள் போராடித் தீயை அணைத்தன. நாரா நிறுவனத்தின் விஞ்ஞானிகள் கடல் நீரை எடுத்துப் பரிசோதித்தனர். கப்பலின் எரிபொருள் ஓரளவு கசிந்தபோதும், மசகு எண்ணெய் கடலில் கலக்கவில்லை. பேரழிவு தவிர்க்கப்பட்டது.

அந்த நாட்களில் கரையோரம் முழுவதும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு போகத்திலும் நமது வட்டைகளிலிருந்து வடியும் பசளையையும் களைநாசினியையும் யார் பார்க்கிறார்கள்? அதற்குத் தீயுமில்லை, புகையுமில்லை. அதனாலேயே அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

கரையோரப் பாதுகாப்புக்கென 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அது கடற்கரையிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரையும் கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயமாக வகுக்கிறது. கிட்டங்கிக்கு அப்பாலுள்ள வயல் அந்த அளவுக்குள் வராது. ஆனால் அந்த வயலின் வக்கடையைத் திறந்தால் நீர் எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். வடிகாலுக்கு, வடிகாலிலிருந்து வாவிக்கு, வாவியிலிருந்து முகத்துவாரத்தால் கடலுக்கு. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் வடிகால் நீரில் ஒரு பங்கும் இவ்வழியே வந்து சேர்கிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியின் தென்கோடி நமது வாசலில்தான் இருக்கிறது.

அளவுக்கு மிஞ்சிய யூரியா நீரில் கரைந்து வந்தால் பாசியும் ஆற்றுவாழையும் செழிக்கின்றன. அவை அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குறைந்து மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. ஆற்றுவாழை கிட்டங்கியில் அடைத்து நின்று வெள்ளத்தை மறிக்கும்போது கமக்காரனும் திட்டுகிறான், மீனவனும் திட்டுகிறான். அதற்கு உரமிட்டவர் யார் என்று நாம் கேட்பதில்லை.

இங்கே எமது குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மீள்குடியேறிய குடும்பங்களுக்கு விதைநெல்லும் பசளையும் களைநாசினியும் கொடுத்து அனுப்பியவர்களில் நாமும் அடங்குவோம். எத்தனை ஏக்கர் விதைத்தார்கள் என்று கணக்கெடுத்தோம். வயலிலிருந்து வடியும் நீர் எங்கே போகும் என்று ஒரு நாளும் சொல்லிக் கொடுக்கவில்லை.

முகத்துவாரம் யாருடையது?

மாரி தொடங்கியதும் ஒரு பழைய வழக்கு மீண்டும் எழும். கோடையில் அலைகள் மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை மூடிவிடுகின்றன. கார்த்திகை, மார்கழி மழையில் வாவி நிரம்பித் தாழ்ந்த வயல்களில் நீர் ஏறுகிறது. பெரும்போகத்துக்குக் கடன்பட்டு விதைத்தவர் “உடனே வெட்டுங்கள்” என்கிறார். மீனவரோ “இப்போது வெட்டினால் வாவி மீனெல்லாம் கடலுக்குப் போய்விடும்” என்கிறார். இருவரும் பிள்ளைகளின் சோற்றுக்காகவே பேசுகிறார்கள்.

இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் முகத்துவாரத்தால் உள்ளே வந்து வாவியிலே வளர்கின்றன. எனவே வாய் மூடியே கிடப்பதும் கேடு, கண்ட நேரத்தில் திறப்பதும் கேடு. எப்போது, எந்த நீர்மட்டத்தில், எவ்வளவு அகலத்துக்கு என்பதே கேள்வி. அதற்கு விடை சத்தம் போட்டுக் கிடைப்பதில்லை. அளந்து பார்த்தே கிடைக்கும்.

இந்தியாவின் ஒடிசா மாநிலத்துச் சிலிக்கா வாவியில் அப்படித்தான் செய்தார்கள். மண் அடைந்து, உவர் குறைந்து, மீன் அருகியதால் 1993இல் அது ஆபத்துக்குள்ளான ஈரநிலங்களின் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. விஞ்ஞானிகள் நீரோட்டத்தை ஆராய்ந்து இடம் குறித்த பின்னர் 2000 செப்டெம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. ஆண்டுக்கு 2,000 தொன்னுக்கும் குறைந்திருந்த மீன்பிடி இரண்டே ஆண்டுகளில் 10,000 தொன்னைத் தாண்டியது. 2002இல் அப்பட்டியலிலிருந்து சிலிக்கா நீக்கப்பட்டது. வெட்டியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. வாவிக்கு மண் அரித்து வரும் மேட்டு நிலங்களிலும் கிராமத்தவரைச் சேர்த்து வேலை செய்தார்கள்.

கடைக்கண்டத்தின் பாடம்

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 1980களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரையில் கமத்தொழில் ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் ஒரு முயற்சியை மேற்கொண்டன. இளம் அமைப்பாளர்கள் கமக்காரர் மத்தியில் தங்கி, வாய்க்கால் வாய்க்காலாக அவர்களைக் கூட்டினார்கள். 1981இல் குளத்தில் கால்பங்கு நீரே இருந்தது. இருந்தும் தலைக்கண்டத்தார் சிரமதானமாக வாய்க்கால் துப்புரவு செய்து, முறைவைத்து நீர் பாய்ச்சி, மிச்சப்பட்டதைக் கடைக்கண்டத்துக்கு விட்டார்கள். தலைக்கண்டத்தாரில் பெரும்பாலோர் சிங்களவர். கடைக்கண்டத்தாரில் பெரும்பாலோர் தமிழ் பேசுவோர். ஆணையால் நடக்காதது கூடிப் பேசியதால் நடந்தது.

தலைக்கண்டத்தான் நீரை மறித்தால் கடைக்கண்டத்தானுக்கு எப்படி எரியும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியானால் நாம் கேட்கிறோம்: உங்கள் வயலுக்கும் கீழே ஒரு கடைக்கண்டம் இருக்கிறதல்லவா? வாவிதான் அது. அங்கே வீசுவலையோடு நிற்பவர் உங்கள் கடைக்கண்டத்துக் கமக்காரர்.

அவருக்கு நாம் கடன்பட்டும் இருக்கிறோம். வயலுக்குப் போகமுடியாதிருந்த காலத்தில் எத்தனை குடும்பங்களின் உலை, வாவியில் பிடித்த இறாலாலும் மீனாலும் கொதித்தது! நிலம் பறிபோனபோது நம்மைத் தாங்கியது அந்த நீர்தான்.

ஆகவே நாம் முன்வைப்பவை பெரிய காரியங்கள் அல்ல. யூரியா எறிந்த பின்னும் ‘எண்ணெய்’ அடித்த பின்னும் சில நாட்களுக்கு வக்கடையைக் கட்டி வையுங்கள். மழைக்கால் தெரிந்தால் அன்று அடிக்காதீர்கள். மருந்துப் போத்தலை வாய்க்காலில் கழுவாமல், கழுவிய நீரை மருந்துத் தாங்கிக்குள்ளேயே ஊற்றி வயலுக்கே அடியுங்கள். மண்ணைப் பரிசோதிக்காமல் கடைக்காரர் சொன்ன அளவில் பசளை வாங்காதீர்கள். அதனால் கடனும் குறையும். வாவி ஓரத்தில் மிஞ்சியிருக்கும் கண்டல் மரங்களை விறகுக்கு வெட்டாதீர்கள்.

இன்னொன்று நாம் கூடிச் செய்ய வேண்டியது. கிட்டங்கியில் ஒரு நீர்மட்டக் கோலை நாட்டி, ஒரு கமக்காரரும் ஒரு மீனவரும் சேர்ந்து நாள்தோறும் அளவைக் குறித்து வரட்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. உவரையும் நீரின் தன்மையையும் அளக்க அவர்களை அழைப்போம். கமக்காரர் அமைப்பும் மீனவர் சங்கமும், கோவிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அந்தக் குறிப்பேட்டை நடுவில் வைத்துப் பேசட்டும். முகத்துவாரம் பற்றிய அதிகாரிகளின் கூட்டத்துக்கு அந்த ஏட்டோடு போவோம். மீள்குடியேறாத குடும்பங்களின் பிரதிநிதியும் அக்கூட்டத்தில் இருக்க வேண்டும் என்று கேட்போம். வெள்ளத்தில் மூழ்கப் போவது அவர்கள் திரும்ப வேண்டிய வயல்களும்தான்.

ஓடும் ஆற்றருகே இருந்தாலும் நீரை வீண்செய்யலாகாது என்பது நபிகளாரின் போதனை. ஆலயத்திலிருந்து புறப்பட்ட நீர் கடலைச் சேர்ந்து அதை உயிர்ப்பிக்க, கரையெங்கும் மீனவர் வலை உலர்த்தும் காட்சியை எசேக்கியேல் இறைவாக்கினர் கண்டார். நமது வயலிலிருந்து புறப்படும் நீர் வாவிக்கு உயிரைக் கொண்டுபோகிறதா, நஞ்சைக் கொண்டுபோகிறதா?

காணிக்கான போராட்டத்தை நிறுத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை. அதில் நாமும் உங்களோடு நிற்கிறோம். காணி திரும்பக் கிடைக்கும் நாளில், அதன் வாய்க்கால் போய்ச் சேரும் வாவியும் உயிரோடு இருக்க வேண்டும் என்றே சொல்கிறோம்.